ஒரே ஒரு மேட்ச் ஜெயிக்கவேண்டிய கோச்

கல்லூரிக் கால்பந்து கோச் என்பவர் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, கோட்டுக்கு உள்ளே பதினோரு பேர் செய்கிற தப்புக்கெல்லாம் பதில் சொல்கிற மனிதர். உங்களில் டியூஷன் எடுத்தவர்கள், டிரைவிங் சொல்லிக்கொடுத்தவர்கள், சொந்தக்காரர்களுக்கு வரன் பார்த்துக் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் என் கஷ்டம் சொல்லாமலே புரியும். காரியம் அடுத்தவர் கையில், பேச்சு வாங்குவது நாம்.

தூத்துக்குடியில் பி.டி. மாஸ்டராக இருந்த நான் ஷார்ஜாவில் ஒரு தனியார் கல்லூரிக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. என் டீமில் பாதிக்கு மேல் தமிழ்ப் பிள்ளைகள். பெரும்பாலும் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, பந்து என்றால் முதலில் வீடியோ கேமில் பார்த்தவர்கள். நல்ல பிள்ளைகள். நல்ல பிள்ளைகளாக இருப்பதுதான் கால்பந்தில் பெரிய தொந்தரவு. எதிராளி பந்தைக் கேட்டால் கொடுத்துவிடுவார்களோ என்று எனக்குப் பயமாக இருக்கும்.

ரினியூவல்

போன செப்டம்பரில் நிர்வாக அதிகாரி வரதராஜன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கும்பகோணத்துக்காரர், கோபமே வராது, சிரித்துக்கொண்டேதான் எதையும் சொல்வார். அதனாலேயே அவர் சொல்லப்போவது நல்லதா கெட்டதா என்று முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. மேஜையில் இரண்டு வருட லீக் ரிசல்ட் ஷீட்டைப் பரப்பி வைத்திருந்தார். பதினான்கு ஆட்டம், இரண்டு டிரா, மற்றதெல்லாம் தோல்வி. கால்பந்தை எடுத்துவிட்டு பேட்மின்டன் வைக்கலாம் என்று மேலே பேச்சு நடக்கிறதாம். ஏ.சி. ஹாலுக்குள்ளேயே ஆடிவிடலாம், பஸ் வேண்டாம், கோச்சும் வேண்டாம்.

என் விசா ஏப்ரலில் முடிகிறது. என் விசாவில்தான் என் மனைவி ரெஜினாவும் மகள் ஜெனியும் இருக்கிறார்கள். ஜெனி பதினோராம் வகுப்பு. ஏப்ரலில் நான் கிளம்பினால், அவள் பன்னிரண்டாம் வகுப்பைப் புது ஊரில், புதுப் பள்ளிக்கூடத்தில் தொடங்க வேண்டும். இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். வரதராஜன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், டீ சொன்னார், கடைசியில் சொன்னார்:

"சார், ஒரே ஒரு மேட்ச். யாரை ஜெயிக்கிறீங்க, எப்படி ஜெயிக்கிறீங்கன்னு நான் கேக்கவே மாட்டேன். இந்த ஷீட்ல 'வின்'னு ஒரு தடவை பார்த்தாப் போதும், ரினியூவல்ல கையெழுத்துப் போட்டுடறேன்."

நிழல் பக்கம்

எங்கள் கோல்கீப்பர் ஆசிஃப். ஆறடி உயரம், நீளமான கை, நல்ல தைரியம். அவனுடைய ஒரே குறை அவன் அம்மா. ரோலா கடைவீதியில் அவன் வாப்பாவுக்குத் துணிக்கடை. அவர் கடையை விட்டு அசைய முடியாது என்பதால், பிராக்டிஸுக்கும் மேட்சுக்கும் உம்மாதான் காரில் கொண்டுவந்து விடுவார். விட்டுவிட்டுப் போகவும் மாட்டார். மைதானத்தை ஒட்டி வண்டியை நிறுத்தி, ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு, கண்ணாடி வழியாக மகனையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அக்டோபர் முதல் வாரம் ஒரு மேட்ச், இன்னும் வெயில் இறங்கவில்லை. முதல் பாதியில் ஆசிஃப் நின்ற கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் ஒரு கட்டடம், நல்ல நிழல். இடைவேளையில் நான் டீமை உட்கார வைத்து, ஏன் மூன்று கோல் வாங்கினோம் என்று தொண்டை கிழிய விளக்கிக்கொண்டிருக்கிறேன். கார் கதவு திறந்தது. அந்த அம்மா கையில் லெமன் ஜூஸ் பாட்டிலோடு நேராக என்னிடம் வந்தார்.

"சார், புள்ளைக்கு வெயில் ஒத்துக்காது. இனிமேலும் அவன் அந்த நிழல் பக்கத்துப் போஸ்ட்டுலயே நிக்கட்டும், மத்தவங்க வேணும்னா சைடு மாறிக்கிடட்டும்."

அங்கிள் கத்தார் போகிறார்

மேட்சுக்கு வராமல் இருக்க ஊரில் பிள்ளைகள் சொல்கிற காரணங்கள் எல்லாம் எனக்கு அத்துப்படி. இங்கே சொல்கிற காரணங்களுக்கு நான் தயாராக இல்லை. எங்கள் லெஃப்ட் பேக், நவம்பரில் ஒரு முக்கியமான ஆட்டத்துக்கு வரவில்லை. போன் செய்தால் ஏர்போர்ட்டில் இருக்கிறான். ஊரிலிருந்து யாரோ ஒருவர் வருகிறார், அவர் கையில் அம்மா வீட்டு முறுக்கும் அதிரசமும் மாங்காய் ஊறுகாயும் வருகின்றன, அதை வாங்க வேண்டும். கல்ஃபில் இருக்கிற யாரும் இந்தக் காரணத்தை எதிர்த்துப் பேச முடியாது. நானும் எத்தனையோ தடவை அதே இடத்தில் அதே பார்சலுக்காக நின்றவன்தான். இருந்தாலும் கோச் ஆயிற்றே, கத்தினேன். பையன் அமைதியாகப் பதில் சொன்னான்:

"சார், மேட்ச் அடுத்த வாரமும் இருக்கு. அந்த அங்கிள் இன்னும் ரெண்டு மணி நேரத்துல கத்தார் ஃப்ளைட் ஏறிடுவார்."

சோனாப்பூரில் ஏழு கோல்

டிசம்பருக்குள் நாலு ஆட்டம் தோற்றாகிவிட்டது. இவர்களை யாராவது உலுக்கி எடுத்தால் தேவலை என்று தோன்றியது. துபாய் சோனாப்பூர் லேபர் கேம்ப்பில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருந்தார். கருப்பையா, முதுகுளத்தூர்ப் பக்கம், சாரம் கட்டுகிற வேலை. லீவு நாளில் கேம்ப்புக்குப் பின்னால் உள்ள மணல்திடலில் அவர்கள் ஒரு டீம் வைத்து ஆடுவார்கள். சாரக்குழாயை நட்டு கோல்போஸ்ட் செய்திருந்தார்கள். எங்களோடு ஒரு ஆட்டம் ஆடமுடியுமா என்று கேட்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம்.

எங்கள் பிள்ளைகள் விலை உயர்ந்த ஷூவோடு இறங்கினார்கள். கேம்ப் ஆட்களில் பாதிப் பேர் கேன்வாஸ் ஷூ, மீதிப் பேர் வெறுங்கால். வாரம் முழுக்கப் பன்னிரண்டு மாடி ஏறி இறங்கியவர்கள், லீவு நாளில் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து எனக்கே மூச்சு வாங்கியது. ஏழுக்கு ஒன்று. அந்த ஒன்றும் அவர்களே பரிதாபப்பட்டு விட்டுக்கொடுத்தது என்று எனக்குச் சந்தேகம். ஆட்டம் முடிந்ததும் எல்லாருக்கும் பெரிய பாத்திரத்தில் டீ வந்தது, எங்கள் பிள்ளைகள் அவர்களோடு மணலில் உட்கார்ந்து செல்பி எடுத்துக்கொண்டார்கள். வெட்கமே இல்லையா என்று கேட்க நினைத்தேன். ஆனால் தோற்ற பிறகும் அவர்கள் பந்தைப் பற்றிப் பேசியது இரண்டு வருடத்தில் அதுதான் முதல்முறை, அதனால் விட்டுவிட்டேன். எங்கள் பிள்ளைகளிடம் என்ன கோளாறு என்று கருப்பையாவைத் தனியாகக் கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்:

"தம்பிக நல்லாத்தான் ஆடுறாக சார். பந்து கால்ல வந்தபெறகு யாருக்குக் குடுக்கலாம்னு நின்னு யோசிக்கிறாக. நாங்க அப்புடி நின்னு யோசிச்சா கம்பெனி பஸ் போயிரும்."

முதுகில் அப்பா பெயர்

இது முழுக்க முழுக்க என் தப்பு. ஜனவரியில் புது ஜெர்ஸி அடிக்க ரோலாவில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் லாகூர்க்காரர், நல்ல வேலைக்காரர். முதுகில் என்ன பெயர் போட வேண்டும் என்று கேட்டார். டி.வி.யில் வருகிற பெரிய ஆட்டக்காரர்களுக்குக் குடும்பப் பெயர்தானே இருக்கிறது, அதே மாதிரி போடுங்கள் பாய் என்று சொல்லி, எல்லாருடைய பாஸ்போர்ட் காப்பியையும் கொடுத்துவிட்டு வந்தேன். நம் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர் ஏது? பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் அப்பா பெயரைத்தானே போட்டிருக்கிறோம். மேட்சுக்கு முதல்நாள் பெட்டியைப் பிரித்தால் செல்லத்துரை, அந்தோணிசாமி, ஷேக் தாவூத் என்று பெற்றோர் சங்கக் கூட்டம் மாதிரி இருக்கிறது. பிள்ளைகள் போடமாட்டோம் என்று ஒரே அடம். மாற்ற நேரம் இல்லை. போட்டுக்கொண்டு இறங்கினார்கள்.

அன்றைக்கு மைக்கில் வர்ணனை செய்தவர் பிலிப்பைன்ஸ்காரர். அவருக்கு முதுகில் இருப்பதுதான் பெயர். நான் பிரவீன், பிரவீன் என்று கத்துகிறேன், அவர் செல்லத்துரை ஓடுகிறார் என்கிறார். பிரவீன்தான் எங்கள் கேப்டன். அவன் அப்பா செல்லத்துரை அண்ணாச்சி நாசரேத்துக்காரர், ஜெபல் அலி துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர். மகன் ஆடிப் பார்க்க அவருக்கு ஒருநாளும் லீவு அமைந்ததில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். மைக்கில் தன் பெயரைக் கேட்டதும் திடுக்கிட்டு எழுந்து நின்றுவிட்டார். இரண்டாம் தடவையும் எழுந்தார். பிறகு உட்காரவே இல்லை. எழுபதாவது நிமிடம் பிரவீன் ஒரு பையனைக் கீழே தள்ள, செல்லத்துரைக்கு மஞ்சள் அட்டை என்று மைதானமே கேட்கும்படி அறிவித்தார்கள். இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். நான் அண்ணாச்சியிடம் போய் ஜெர்ஸிக்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் கண் கலங்கியிருந்தது.

"எதுக்கு சார் மன்னிப்பு? இருவத்தாறு வருசமா இந்த நாட்டுல என் பேர ஆஸ்பத்திரியிலயும் விசா ஃபார்ம் அடிக்கிற டைப்பிங் சென்டர்லயும்தான் கூப்புட்டுருக்காவ. மைக்குல இன்னைக்குத்தான் கூப்புட்டாவ, அதும் நான் ஒருத்தனத் தள்ளிவிட்டதுக்கு."

தொடர்கிறாரா

அதே மாதக் கடைசியில் ஜெனி பள்ளியிலிருந்து ஒரு படிவம் கொண்டுவந்தாள். அடுத்த ஆண்டும் மாணவி இங்கே தொடர்கிறாரா, ஆம் அல்லது இல்லை. ரெஜினா அதைச் சாப்பாட்டு மேஜையில் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குழம்பு ஊற்றினாள். இன்னும் இரண்டு ஆட்டம்தான் பாக்கி. நான் தைரியமாகப் பேச ஆரம்பித்தேன். டீம் முன்னேறியிருக்கிறது, நாலு கோலில் தோற்றவர்கள் இப்போது ஒரு கோலில்தான் தோற்கிறோம், இப்படியே போனால் என்றெல்லாம். மைதானத்தில் நான் செய்கிற அதே பிரசங்கம்தான்.

ஜெனி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். அவளுக்கு என் டீமில் எல்லாருடைய பெயரும் நம்பரும் தெரியும். கெட்டிக்காரப் பெண், என் மனசு நோகக்கூடாது என்று யோசித்து யோசித்துத்தான் பேசுவாள்.

"ஓகேப்பா, ஐ பிலீவ் யூ. ஆனா ஃபார்ம பென்சில்ல ஃபில் பண்ணட்டுமா?"

பனிமூட்டம்

அந்த இரண்டில் முதல் ஆட்டத்தை டிரா செய்தோம். கடைசி ஆட்டம் பிப்ரவரியில், ராஸ் அல் கைமாவிலிருந்து வருகிற ஒரு கல்லூரியோடு. போன வருடம் எங்களுக்கு எதிராக ஐந்து கோல் அடித்தவர்கள். காலை எட்டரைக்கு ஆட்டம். விடியும்போதே ஊரெல்லாம் பனிமூட்டம், எதிர்ப்பக்க கோல்போஸ்ட் கண்ணுக்குத் தெரியவில்லை. எட்டு மணிக்குப் பனி கலைந்துவிட்டது, எங்கள் பிள்ளைகள் எல்லாரும் வந்துவிட்டார்கள், லெஃப்ட் பேக் உட்பட. எதிரணிப் பஸ்ஸை மட்டும் காணோம். வழியில் பனி அடர்த்தியாக இருக்கிறது, வண்டிகளை ஓரங்கட்டச் சொல்லிவிட்டார்கள், இதோ இப்போது கிளம்பிவிட்டோம் என்று அவர்கள் கோச் போன் செய்தார். கோட்டயத்துக்காரர், பிஜு என்று பெயர். பாவம், பதறிக்கொண்டிருந்தார்.

லீக் விதி என்னவென்றால் முப்பது நிமிடம் காத்திருக்க வேண்டும். அதற்குள் வராவிட்டால், வந்திருக்கிற டீமுக்கு மூன்றுக்குப் பூஜ்யம் என்று வெற்றி. வந்திருக்கிற டீமின் கோச் சம்மதித்தால் இன்னும் அரை மணி நேரம் பொறுக்கலாம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த முப்பது நிமிடமும் நான் வடக்கே பார்த்துக்கொண்டு, ஆண்டவரே, அந்தப் பனி கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கட்டும் என்று ஜெபித்தேன். ஒன்பது மணிக்கு நடுவர் படிவத்தோடு வந்தார், சூடான்காரர், வயதானவர். காத்திருக்கிறீர்களா என்று கேட்டார். பிரவீன் ஓடிவந்து, "சார், வெயிட் பண்ணலாம் சார்" என்றான். நான் என் டீமைப் பார்த்தேன். ஒருவன் வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், ஒருவன் ஷூ லேஸை மூன்றாம் தடவையாகக் கட்டிக்கொண்டிருந்தான். இவர்களாவது ஐந்து கோல் அடித்தவர்களை ஜெயிப்பதாவது என்று தோன்றியது. பிரவீன் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். நடுவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்தினார்.

"மப்ரூக், கோச். உட்கார்ந்த இடத்திலேயே ஜெயித்துவிட்டீர்கள்."

கணக்கில் சேராத ஆட்டம்

ஒன்பது ஆறுக்குப் பஸ் வந்து நின்றது. அந்தப் பிள்ளைகள் பஸ்ஸுக்குள்ளேயே ஜெர்ஸியும் ஷூவும் மாட்டிக்கொண்டு, படியில் இறங்கும்போதே ஓட ஆரம்பித்தார்கள். ஆட்டம் முடிந்துவிட்டது என்று பிஜுவிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் சண்டை போடவில்லை. பிள்ளைகள் மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்திருக்கிறார்கள் சாரே, சும்மாவாவது ஒரு ஆட்டம் ஆடட்டுமே என்று கேட்டார். என்னால் மறுக்க முடியவில்லை. நடுவரும் விசிலைச் சட்டைப்பையிலிருந்து மறுபடி எடுத்தார்.

அன்றைக்கு எங்கள் பிள்ளைகள் ஆடின ஆட்டத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பந்து காலில் வந்த மறுகணம் அடுத்தவனிடம் போனது. ஒருவரும் நின்று யோசிக்கவில்லை. ஆசிஃப் வெயில் பக்கத்துப் போஸ்ட்டில் நின்று ஒரு பெனால்டியைப் பாய்ந்து தடுத்தான், அவன் உம்மா காரைவிட்டு இறங்கி வந்து வெயிலிலேயே நின்றார். பிரவீன் ஒன்று, லெஃப்ட் பேக் ஒன்று. இரண்டுக்கு ஒன்று. மூன்று வருடத்தில் என் டீம் நிஜமாக ஜெயித்த முதல் ஆட்டம், எந்த ஷீட்டிலும் வராத ஆட்டம். எனக்குச் சந்தோஷப்படுவதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. பிஜு வந்து என் தோளைத் தட்டினார்.

"சாரே, ஒன்பது மணிக்கு ஒரு தடவ, பதினொரு மணிக்கு ஒரு தடவ. ஒரே நாளில் எங்கள ரெண்டு தடவ தோக்கடிச்சது நீங்க மட்டும்தான்."

கையெழுத்து

திங்கட்கிழமை வரதராஜன் ரிசல்ட் ஷீட்டைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து கைகொடுத்தார். மூன்றுக்குப் பூஜ்யம், பிரமாதம் சார், கோல் போட்ட மூன்று பேர் யார், கல்லூரிப் பத்திரிகையில் படம் போடலாம் என்றார். டீம் முழுக்கப் போட்ட கோல் சார் என்று மழுப்பினேன். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார், அங்கேயே என் ரினியூவலில் கையெழுத்துப் போட்டார். ரெஜினாவுக்குப் போன் செய்தேன். அவள் அழுதாள். ஜெனி பன்னிரண்டாம் வகுப்புப் பாடப்புத்தகம் எங்கே வாங்குவது என்று உடனே கேட்டாள்.

சாயங்காலம் பிராக்டிஸ். பிள்ளைகளைக் கூட்டி வைத்து, எனக்கு இன்னும் இரண்டு வருடம் விசா கிடைத்துவிட்டது என்று சொன்னேன். கைதட்டினார்கள், என்னைத் தூக்கிச் சுற்றினார்கள். யாரும் ஆச்சரியப்படவில்லை, அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. எல்லாரும் போன பிறகு பிரவீன் மட்டும் இருந்து எனக்குப் பந்துகளை வலையில் அள்ளிப்போட உதவினான். கடைசிப் பந்தையும் போட்டு வலையைக் கட்டினான். பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னான்:

"உங்க ரினியூவல் மேட்டர் எங்களுக்கு டிசம்பர்லயே தெரியும் சார். அன்னைக்கு எப்படியும் ஜெயிச்சுடணும்னுதான் எல்லாரும் வந்தோம். ஒரு ஆறு நிமிஷம் எங்கள நம்பியிருக்கலாம், சார்."

'நம்பி ஆடுங்கடா' என்று கோட்டுக்கு வெளியே நின்று கத்துவதற்கு எனக்கு இன்னும் இரண்டு வருடம் விசா இருக்கிறது. அதற்குள் அதை நானும் கற்றுக்கொண்டுவிட்டால் கல்லூரிக்கு ஒன்றும் நஷ்டமில்லை.